சென்னியப்பன் வேண்டாம் என்றவர்கள்

நொச்சிப்பாளையத்துக்கு முதன்முதலில் வந்து இறங்கியது ஒரு அண்ணி. தாராபுரத்திலிருந்து காலையில் வரும் டவுன் பஸ்ஸில், அரக்குப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக, இரண்டு கையிலும் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு, தட்டில் இருந்த டம்ளர்களில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அவள் படியிறங்கினாள். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி போலிருக்கிறது என்று நினைத்து, செல்லாண்டியம்மன் திருமண மண்டபத்துக்கு வழி காட்டி அனுப்பினார்கள். மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம் எதுவும் இல்லை. மேனேஜர் சென்னியப்பன் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"காபி ஆறிடப் போகுது, எடுத்துக்கங்க," என்றாள் அண்ணி.

சென்னியப்பன் எடுத்துக் குடித்தான், சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டான், அதற்கப்புறம்தான் அவளை அடையாளம் கண்டான். முந்தின நாள் பார்த்த குடும்பப் படத்தில் கதாநாயகனுக்கு அண்ணியாக வந்தவள் அவள். படம் முடிந்து தியேட்டர் வாசலில் நின்றபடியே அவன் வாட்ஸப்பில் பேசி அனுப்பிய கருத்தில், "அண்ணின்னு ஒருத்தி வர்றாளுங்க, காபி குடுக்கறா, போறா, அந்தக் காபியை அந்தப் பையனே போட்டுக் குடிச்சா ஆகாதுங்களா, இந்தப் படத்துக்கு அந்தம்மா எதுக்குங்க, கத்திரிக்கு வேலை இருக்குது" என்று அவளைத்தான் சொல்லியிருந்தான். படத்தில் இடமில்லாமல் போனவள், தன்னை வேண்டாம் என்றவனுடைய ஊருக்கே பஸ் ஏறி வந்துவிட்டாள். வேறெங்கே போவாள், பாவம்.

சென்னியப்பன் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். மண்டபத்துப் பின்கட்டில் குடியிருப்பு, முகூர்த்த நாளில் ஓட்டம், மற்ற நாளில் சினிமா, இதுதான் அவன் வாழ்க்கை. ஊரில் இருந்த ஒரே தியேட்டரில் எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சிக்குப் போய்விடுவான், தியேட்டரை விட்டுப் போன படத்தை ஓடிடியில் பிடித்துவிடுவான், பார்த்ததைப் பற்றி ஊர் குரூப்பில் குரல் பதிவு போடாமல் அவனுக்குச் சோறு இறங்காது. பேய்ப் படம் பார்த்தால், இத்தனை வருஷம் சும்மா இருந்த பேய் இன்டர்வெல் வரைக்கும் பொறுக்காதா என்பான். எட்டு எபிசோடு சீரீஸ் பார்த்தால், இதை நாம பஸ்ஸுக்கு நிக்கற நேரத்துல சொல்லி முடிச்சிருக்கலாமுங்க என்பான். நீளம், நீளம், எல்லாமே நீளம் என்பதுதான் அவனுடைய நிரந்தரப் புகார். ஒரு இடத்தில் உட்காருவது என்பது அவன் உடம்பில் எழுதப்படாத விஷயம். தியேட்டர் சீட்டில் அவன் வலது கால் தையல் மிஷின் மிதிப்பது போல ஆடிக்கொண்டே இருக்கும், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருக்கும் அவன் மனைவி கோகிலவாணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் முழங்கால்மேல் கையை வைப்பாள், கால் கொஞ்ச நேரம் நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து அவனோடு எல்லாப் படத்துக்கும் போய்வந்த கோகிலவாணி, ஒரு படத்தைப் பற்றியாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று மாலைக் காட்சியில் அந்தக் குடும்பப் படத்தைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள், அண்ணி படத்தில் இல்லை, காபி மட்டும் மேசையில் இருக்கிறது என்று. அண்ணியாக நடித்த நடிகை அதே நேரம் சென்னையில் ஏதோ டிவியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள், ஆகவே வந்திருப்பது நடிகை இல்லை, அண்ணியேதான் என்று ஊர் முடிவுக்கு வந்தது. தமிழ்நாடு முழுக்க ஓடிய அந்தப் படத்தில் ஒருத்தி குறைகிறாள் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. சென்னியப்பன் சொன்னது சரிதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை, ஆனால் அதை நினைத்தால் மனசுக்கு என்னவோபோல இருந்தது. அண்ணிக்கு மணமகள் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடச் சத்துணவில் ஆள் குறைந்தபோது அவளே போய் நின்றுகொண்டாள்.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு பஸ் வீதம் வந்துகொண்டிருந்தார்கள். கதாநாயகன் என்ன சொன்னாலும் சிரிக்கிற நண்பன் வந்தான், அவனை டீக்கடையில் சேர்த்துக்கொண்டார்கள், கடைக்காரர் சொல்லும் பழைய சங்கதிகளுக்குச் சிரிக்க ஊருக்குள் வேறு ஆள் இல்லாததால் கடைக்காரருக்கு ஆயுசு கூடியது. சண்டை முடிந்த பிறகு ஜீப்பில் வரும் இன்ஸ்பெக்டர் வந்தார், சந்தையில் யார் அடித்துக்கொண்டாலும் எல்லாம் ஓய்ந்தபின் வந்து "யாரும் அசையக் கூடாது" என்றார், அடித்துக்கொண்டவர்களுக்கும் அது சவுகரியமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி "எங்களால முடிஞ்சதைச் செஞ்சிட்டோம்" என்று சொல்லும் டாக்டர் வந்தார், அவரிடம் யாரும் வைத்தியத்துக்குப் போகவில்லை, மின்சார வாரியத்தில் கரன்ட் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். பொங்கலுக்கு வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, நடுவில் வரும் பாட்டே தேவையில்லை என்று சென்னியப்பன் வாய்தவறிச் சொன்னதில், மஞ்சள் பாவாடையும் மஞ்சள் சட்டையுமாக ஒரு பஸ் நிறைய ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். அவர்களை மண்டபத்திலேயே பந்தி பரிமாற வைத்தான். ஒரே சமயத்தில் குனிந்து, ஒரே சமயத்தில் சாம்பாரை ஊற்றி, ஒரே சமயத்தில் நிமிர்ந்து அவர்கள் நகர்வதைப் பார்க்கவே கரூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் இந்த மண்டபத்தில் தேதி கேட்டு வந்தார்கள்.

பஸ் கண்டக்டர் இதையெல்லாம் பார்த்துப் பழகிப்போனார். கையில் துப்பாக்கியோ பூங்கொத்தோ வைத்துக்கொண்டு விழிக்கிற ஆள் ஏறினால், "நொச்சிப்பாளையந்தானுங்க? எந்தப் படமுங்க?" என்று மரியாதையாகக் கேட்டு ஜன்னலோரம் இடம் கொடுப்பார்.

ஊருக்கு ஆசை வந்ததும் அப்போதுதான். பல் டாக்டர் இல்லாத ஊர், அடுத்த படத்தில் பல் டாக்டர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டார்கள். மகளிர் குழுவினர் ஒரு சீரீஸில் பார்த்த எலக்ட்ரீஷியனைக் கேட்டார்கள். சென்னியப்பனும் ஊருக்கு ஆகட்டுமே என்று, "அந்த எலக்ட்ரீஷியன் இல்லாட்டியும் கதை நடக்குமுங்க" என்று பேசி அனுப்பினான். ஆனால் அவனுக்கு அந்த எலக்ட்ரீஷியனை உள்ளூரப் பிடித்திருந்தது. பஸ் வந்தது, எலக்ட்ரீஷியன் வரவில்லை.

"மனசுல இருந்து வரோணுமாட்ட இருக்குதுங்க," என்றான் சென்னியப்பன், கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்து. "பொய்யாச் சொன்னா அங்க கேக்க மாட்டேங்குது."

கோகிலவாணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் வாழ்ந்தது மண்டபத்தில், ஆனால் எந்தக் கல்யாணத்திலும் அவள் மேடைப் பக்கம் போனதில்லை. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்த்தட்டு எடுக்கப் பிள்ளை பெற்றவளைத்தான் கூப்பிடுவார்கள், அவளுக்குப் பிள்ளை இல்லை. யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, முகத்தில் அடித்ததில்லை. ஸ்டோர் ரூம் சாவி அவளிடம் இருந்தது, கற்பூரம் தீர்ந்தால் கோகிலா, வெற்றிலை பத்தாவிட்டால் கோகிலா, ஆனால் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது அவள் ஸ்டோர் ரூம் கதவில் சாய்ந்து நின்று முதுகுகளைத்தான் பார்ப்பாள். சென்னியப்பன் அதைப் பார்க்காதது போலப் பந்தியில் ஓடிக்கொண்டிருப்பான். அவன் கால் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

விநாயகர் சதுர்த்திக்கு ஒரு படம் வந்தது. தயாளன் என்று ஒரு மெக்கானிக், பழைய வாழ்க்கையில் பெரிய ரௌடி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகளோடு அமைதியாக இருக்கிறான். எங்கே போனாலும் லேட்டாகத்தான் போவான், வழியில் ஏதாவது வண்டி நின்றுகிடந்தால் குனிந்து பார்க்காமல் அவனால் தாண்ட முடியாது. ஒருநாள் மழை. பள்ளிக்கூட வாசலில் மகள் நிற்கிறாள், அப்பா குடை எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அப்பா வழியில் யாருடைய வண்டியிலோ கையை விட்டுக்கொண்டிருக்கிறார், பிள்ளை எட்டிப் பார்க்க ரோட்டில் ஒரு அடி வைக்கிறது, லாரி வருகிறது. மீதிப் படம் முழுக்கத் தயாளன் அந்த லாரிக்காரக் கூட்டத்தை ஒவ்வொருவனாகத் தீர்த்துக்கட்டுகிறான். தியேட்டரில் விசில் பறந்தது. அந்த லாரி வந்தபோது சென்னியப்பனின் கால் தானாகவே நின்றுவிட்டதைக் கோகிலவாணி கவனித்தாள், கையை வைக்கப் போனவள் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தவன் போனை வாயோடு ஒட்டி வைத்துப் பேசினான். "ஒரு மனுசனுக்குக் கோவம் வரோணும்னா அதுக்கு ஒரு புள்ளையைக் கொல்லோணுமாங்க? ரெட்டைச் சடை பின்னி விட்டு, பையை மாட்டி விட்டு, லாரியில கொண்டுபோய்ப் போடறதுக்கா ஒரு கொழந்தையை எழுதறீங்க? கதை பண்ணத் தெரியாதவனுக்குக் கொழந்தை எதுக்கு? அந்தப் புள்ளை அந்தப் படத்துல இருக்கவே வேண்டாமுங்க."

அனுப்பிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பஸ் வருவதற்கு முன்பே இருவரும் ஸ்டாண்டில் இருந்தார்கள். சீருடையும் முதுகுப் பையுமாக, எட்டு வயது இருக்கும், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண் குழந்தை இறங்கியது. நொச்சிப்பாளையத்தில் மழை பெய்து பல மாதம் ஆகியிருந்தது. கண்டக்டர் பையைப் பிடித்து இறக்கி விட்டார்.

"எங்கப்பா வந்தாரா?" என்று கேட்டது குழந்தை.

கோகிலவாணி முந்தானையை எடுத்து அதன் தலையைத் துவட்டத் தொடங்கியிருந்தாள். "வருவாரு கண்ணு," என்றாள். "மொதல்ல தலை காயட்டும்."

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் சரோஜினி டீச்சர் பெயர் கேட்டாள். குழந்தை "குட்டிமா" என்றது. வேறு பெயர் அதற்குத் தெரியவில்லை, எழுதியவன் பெயர் வைக்கும் அளவுக்கு அதை உயிரோடு வைத்திருக்க நினைக்கவில்லை. ஒரு அண்ணியைச் சத்துணவில் வைத்திருக்கும் டீச்சருக்கு இதெல்லாம் புதிதில்லை, பேனாவைப் பிடித்தபடி கோகிலவாணியைப் பார்த்தாள். கோகிலவாணி ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரைச் சொன்னாள். அமராவதி என்று பதிந்தார்கள்.

மண்டபத்தில் குழந்தை இருப்பது என்றால் என்னவென்று சென்னியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அமராவதி சாப்பாட்டு ஹாலில் சைக்கிள் பழகினாள், மஞ்சள் பாவாடைக்காரிகளோடு வரிசையில் நின்று அப்பளம் வைத்தாள், இரண்டே வாரத்தில் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'ங்க' சேர்த்துக்கொண்டாள். பெரீப்பா இந்தப் படம் நல்லாருக்குதுங்களா என்று கேட்டு, அவன் பதில் சொல்லும் முன்பே தூங்கிப்போனாள். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் மணப்பெண்ணின் அத்தை ஸ்டோர் ரூமுக்கு வந்து, கதவில் சாய்ந்து நின்றவளைப் பார்த்து, பெற்ற பிள்ளை போல அமராவதி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஏன் கோகிலா, இங்க நிக்கறே? வா, வந்து ஒரு தட்டு எடு," என்றாள். பந்தியில் இருந்த சென்னியப்பன் சாம்பார் வாளியோடு மேடையைப் பார்த்து நின்றுவிட்டான். கோகிலவாணி தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடந்தாள், அவளுக்குப் பக்கத்தில் அமராவதி நடந்தாள். அவனுக்கு அழுகை வந்தது, வெங்காயம் அரிகிற பக்கம் போய் நின்றுகொண்டான்.

எல்லாம் சரி, பள்ளிக்கூடம் விடும் நேரம் மட்டும் சரியில்லை. மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் ஓடிவிடும், அமராவதி மட்டும் கேட்டுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று ரோட்டைப் பார்ப்பாள். கோகிலவாணி வந்து கையை நீட்டுவாள். "போலாமா தங்கம்?" என்பாள்.

"அப்பா வந்துரட்டுமுங்க பெரியம்மா."

"வருவாரு. வீட்டுல போயி இருந்தா என்ன?"

"கேட்டுலதான் நிக்கச் சொன்னாருங்க."

வாட்ச்மேன் கேட்டைப் பூட்டும் வரை நிற்பாள், பிறகு கூட வருவாள். அடம் இல்லை, அழுகை இல்லை. அதுதான் கோகிலவாணியை அறுத்தது. வருவாரு என்று முதல் நாள் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள், அந்த ஒரு வார்த்தையைக் குழந்தை மறுநாளும் அதற்கு மறுநாளும் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணி காபியை யாருக்கும் கொடுக்கலாம், நண்பன் எந்தச் சொல்லுக்கும் சிரிக்கலாம், அவர்களுக்கெல்லாம் ஊர் போதுமானதாக இருந்தது. இவள் காத்திருப்பது ஒரே ஒரு ஆளுக்காக. அந்த ஆள் கதாநாயகன், படத்துக்கு வேண்டியவன், அவன் எப்படி வருவான்?

புரட்டாசி பிறந்தது, கல்யாணம் இல்லை, மண்டபம் வெறிச்சென்று கிடந்தது. அந்தப் படம் ஓடிடிக்கு வந்தது. பார்க்க வேண்டாம் என்றுதான் சென்னியப்பன் நினைத்தான், ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் போட்டுவிட்டான்.

படம் அப்படியே இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. மழையில் தயாளன் குடையோடு ஓடி வருகிறான், பள்ளிக்கூட கேட் திறந்து கிடக்கிறது, யாரும் இல்லை. லாரி வருகிறது, போகிறது. அதற்குப் பிறகு சண்டை. ஏன் சண்டை என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை, லாரிக்காரர்களே கொஞ்சம் தயங்கித்தான் அடிவாங்கினார்கள். ஆனால் சென்னியப்பன் பார்த்தது அதை இல்லை. அடிக்கும்போது தயாளனுடைய கண் எதிரிமேல் இல்லை. ஒருவனைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் விழுந்த இடத்துக்குப் பின்னால் பார்க்கிறான். கதவை உடைத்துக்கொண்டு குடோனுக்குள் போகிறான், மூட்டைகளுக்கு நடுவில் பார்க்கிறான். பாட்டுக்கு நடுவில் பார்க்கிறான், கிளைமாக்ஸில் பார்க்கிறான், கடைசி ஷாட்டில் எரிகிற வீட்டுக்கு முன்னால் நடந்து வரும்போதும் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறான். குடை இன்னும் கையில் இருக்கிறது.

இந்த ஆளுக்கு இந்தப் படத்தில் இனி வேலை இல்லை. அந்தக் கருத்து அவன் தொண்டை வரை வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன எத்தனையோ கருத்துகளில் இதைவிட உண்மையான ஒன்று இல்லை. போனை எடுத்தான், மைக்கை அழுத்தினான், ஸ்டோர் ரூமில் கோகிலவாணி அமராவதிக்குச் சடை பின்னிக்கொண்டே ஏதோ சொல்ல, அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. விரலை எடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் அவனாக இல்லை. அடுக்கிய நாற்காலிகளைக் கலைத்து அடுக்கினான், கழுவிய அண்டாவைக் கழுவினான், புதுப் படம் வந்தும் போகவில்லை. வெள்ளிக்கிழமை குரல் பதிவு வரவில்லை என்று ஊர் தவித்துப்போனது. படம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத் தங்களுக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்றே தெரியவில்லை, டீக்கடை நண்பன் எதற்குச் சிரிப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். சென்னியப்பன் சாப்பிட உட்கார்ந்தால் கால் ஆடியது, ஆடிய ஆட்டத்தில் தட்டு நகர்ந்தது. கோகிலவாணி முழங்காலில் கையை வைத்தாள், நிற்கவில்லை.

"என்னுங்க மாமா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"இத்தன வருசமா உங்க காலைப் புடிச்சுட்டிருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? என்ன பாத்தீங்க, காமிங்க."

அவன் மறுத்தான், அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போனான், போக முடியாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றான். காலி ஹாலில், அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவில் ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்து கோகிலவாணி முழுப் படத்தையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, தியேட்டரிலும் அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசி ஷாட் முடிந்தது. அவள் வாட்ஸப்பைத் திறந்தாள், ஊர் குரூப்பைத் தேடினாள், அவன் எப்படி அழுத்துவானோ அப்படியே மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

"கோகிலா, வேண்டாம்," என்றான் ஜன்னலுக்கு வெளியிலிருந்து. "நீ ஒண்ணும் சொல்லோணும்னு இல்ல. நான் சொல்லாம இருந்துக்கறேன். இப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

விரலை எடுக்காமலே அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நான் அந்தப் புள்ளைகிட்ட வருவாருன்னு சொல்லியிருக்கறனுங்க," என்றாள். பிறகு போனைப் பார்த்துப் பேசினாள்.

"நான் செல்லாண்டியம்மன் மண்டபத்துக் கோகிலவாணி பேசறனுங்க. எனக்குப் படத்தப் பத்தியெல்லாம் சொல்லத் தெரியாதுங்க. இந்தப் படத்துல தயாளன்னு ஒருத்தர் வர்றாருங்க. அந்தக் கொழந்தை இல்லாத படத்துல அவருக்கு ஒரு வேலையும் இல்லைங்க. சண்டையெல்லாம் அவரு இல்லாமயே நடந்துக்கும். அவரு அங்க இருக்க வேண்டாமுங்க."

அனுப்பிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் உள்ளே வந்து பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவள் கை தானாக அவன் முழங்காலுக்குப் போனது, இந்த முறை ஆடிக்கொண்டிருந்தது அவள் கைதான், அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை பஸ்ஸில் தயாளன் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. கோகிலவாணியின் கருத்துக்கு அந்தச் சக்தி இல்லையோ என்று சென்னியப்பன் நினைத்தான், அப்படி நினைத்தபோது உள்ளே எங்கேயோ ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததற்கு வெட்கப்பட்டான். பள்ளிக்கூட மணி அடித்து, பிள்ளைகள் போய், வாட்ச்மேன் பூட்டை எடுக்கும் நேரத்துக்குத்தான் பஸ் வந்தது. தாராபுரம் ரோட்டில் பஸ் நின்றுவிட்டதாம், ஒரு ஆள் இறங்கிக் குனிந்து சரிசெய்து கொடுத்தாராம், கண்டக்டர் சொன்னார். சட்டையெல்லாம் ரத்தமும் கிரீஸும், மேலெல்லாம் மழை, கையில் குடை. கேட்டில் நின்ற அமராவதி இரண்டு காலையும் வெளியே வைத்து ஓடினாள். கோகிலவாணி நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் ஏதாவது லாரி வருகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

தயாளன் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை பிடித்துப் பட்டறை போட்டான், பின்னாலேயே வீடு. அமராவதி தன் துணிகளை எடுத்து வைத்தாள், கோகிலவாணி மடித்துக் கொடுத்தாள். "போயிட்டு வர்றனுங்க பெரியம்மா," என்றாள் குழந்தை, தலையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை இருவரும் அதுவரை பார்த்ததில்லை. ஐப்பசியில் முகூர்த்தம் தொடங்கியது, மேடையில் சீர்த்தட்டுகள் போயின, யாரும் வந்து கூப்பிடவில்லை. கோகிலவாணி ஸ்டோர் ரூமில் கற்பூரப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பனுக்கு ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கோகிலவாணி மண்டபத்தில் இல்லை. சென்னியப்பன் தேடிக்கொண்டு போனான். பொடித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட கேட்டில், குடையைப் பிடித்தபடி கோகிலவாணி நின்றுகொண்டிருந்தாள், குடைக்குள் அமராவதி நின்றுகொண்டிருந்தாள். தயாளனைக் காணோம். டீக்கடைக்குப் பக்கத்தில் யாருடைய டிவிஎஸ்ஸோ நின்றுபோயிருக்கிறது, அவன் அதில் கையை விட்டுக்கொண்டிருக்கிறான். நேற்றும் அப்படித்தானாம், முந்தாநாளும் அப்படித்தானாம், அவனை எழுதியவன் அவனை லேட்டாக வருகிறவனாகவே எழுதிவிட்டான், நொச்சிப்பாளையத்துக்கு வந்ததற்காக அது மாறப்போவதில்லை.

சென்னியப்பன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினான். குடைக்குள் இருவரும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அமராவதி கையால் ஒரு சுழற்று சுழற்றிக் காட்டினாள், கோகிலவாணி அதே மாதிரி சுழற்றிப் பார்த்தாள், சரியாக வரவில்லை போல, குழந்தை அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. ரோட்டைப் பார்க்கிற பார்வை இருவரிடமும் இல்லை. வாட்ச்மேன் பூட்டை எடுத்தான், இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

சென்னியப்பன் போனை எடுத்தான். வெகுநாள் கழித்து மைக்கை அழுத்தினான், ஊர் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்தே பேசினான்.

"பள்ளிக்கூட வாசல்ல ஒரு சீன் ஓடிட்டிருக்குதுங்க. சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் நடக்கல. ரெண்டு பேரு குடையில நிக்கறாங்க, வர வேண்டியவரு இன்னும் வர்ல. நீளமான சீனுதானுங்க."

கேட் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

"இதுல கத்திரி வெக்காதீங்க. டீக்கடைப் பக்கம் யாராச்சும் இருந்தீங்கன்னா, அந்தத் தயாளன்கிட்ட உங்க வண்டியையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க."